செவலைக்கும் அம்மாவுக்கும் ஒரே வயது

எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மூன்று படிகள். தாத்தா காலத்துக் கருங்கல். அந்தக் காலத்து ஆட்களுக்குக் கால் நீளமோ என்னவோ, ஒவ்வொரு படியும் முக்கால் அடிக்கு மேல் உயரம். விடியற்காலையில் அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, இடது கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் வைத்து ஏறுவாள். அவள் பின்னாலேயே செவலை. முன்னங்கால் இரண்டையும் படியில் வைத்துவிட்டு அப்படியே நிற்பாள். பின்னங்கால்களுக்குச் செய்தி போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். பிறகு இடுப்பை ஒரு பக்கமாக வெட்டி இழுத்து ஏறுவாள். அம்மா இரண்டாம் படியில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். "மெதுவாக வா, எந்த ரயிலைப் பிடிக்கப் போகிறோம்?" என்பாள். நாய்க்காகத்தான் நிற்கிறாள் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் அவளும் மூச்சு வாங்கிக்கொள்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

செவலை எங்கள் நாய். பெட்டை. எந்த ஜாதியும் சொல்ல முடியாத நாட்டு நாய். செங்கல் நிறம் என்பதால் செவலை. மாட்டுக்கு வைக்கிற பெயரை நாய்க்கு வைத்தது அப்பா. இப்போது முகவாயெல்லாம் வெளுத்து, கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கிறது. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயரின் காரணத்தை விளக்க வேண்டியிருக்கிறது.

மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றுப் பாசனத்தில் எங்கள் ஊர். இங்கே யாருக்கும் பிறந்த தேதி சரியாகத் தெரியாது. ஆனால் எந்தத் தண்ணீர் ஆண்டில் பிறந்தார்கள் என்பது தெரியும். செவலை வந்ததை அம்மா இப்படித்தான் சொல்வாள்: "குறுவை இல்லாமல் போன வருஷத்துப் பொங்கலுக்கு." 2012ஆம் ஆண்டில் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை; செப்டம்பர் 17 ஆகிவிட்டது. குறுவை போயிற்று, சம்பாவும் தண்ணீருக்குத் தவித்தது. அந்தச் சம்பா கதிர் முற்றி நின்ற தை மாதத்தில், களத்து மேட்டில் வைக்கோல் போருக்கு அடியில் முனகிக்கொண்டிருந்த குட்டியை அப்பா துண்டில் சுற்றி எடுத்து வந்தார்.

வந்ததும் அவர் செய்த முதல் வேலை, கன்றுக்குட்டியின் வாயைத் திறப்பதுபோல் அதன் வாயைத் திறந்து பார்த்தது. "பால் பல் எல்லாம் வந்துவிட்டது. இரண்டு மாதம் இருக்கும்" என்றார். ஆக, கார்த்திகையில் பிறந்தவள். மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு வயது என்பது வாயில்தான் எழுதியிருக்கும். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று பால் பல் விழுந்து பெரிய பல் முளைப்பதை வைத்து மாட்டின் வயதைச் சொல்லிவிடுவார்கள். எட்டும் முளைத்து முடிய நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதற்கு மேல் பல் எண்ணிக்கை பேசாது, தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நாய் அந்தக் கணக்கையெல்லாம் ஏழு மாதத்துக்குள் முடித்துவிடுகிறது. இருபத்தெட்டு பால் பற்களும் விழுந்து, நாற்பத்திரண்டு நிலையான பற்களும் முளைத்துவிடும். அந்தப் புதுப் பல்லில், முன்பற்களின் நுனியில் மூன்று கூர் தெரியும், சிறிய சூலம் மாதிரி. வயதாக ஆக அது மழுங்கி ஒரே கோடாகிவிடும். செவலையின் கீழ்த்தாடையில் இப்போது கோடுகூட இல்லை, பல் எங்கே முடிகிறது ஈறு எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டும்.

ஒரு நாய் ஆண்டு ஏழு மனித ஆண்டு என்பதை நான் பள்ளிக்கூடத்து நாளில் எங்கோ படித்தேன். எங்கே என்று நினைவில்லை. எல்லோருக்கும் இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கும். மனிதனுக்கு எழுபது, நாய்க்குப் பத்து என்று வைத்து யாரோ வகுத்திருக்க வேண்டும், ஏழு கிடைத்திருக்கிறது. எளிய பெருக்கல் என்பதால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. செவலைக்கு ஒரு வயது ஆனபோது, "மனிதக் கணக்கில் இவளுக்கு ஏழு" என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் அப்போது அவளுடைய வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். சில வாரம் கழித்து நான்கு குட்டிகள். நாயின் கர்ப்பம் ஏறத்தாழ அறுபத்து மூன்று நாள், நாயன்மார் எண்ணிக்கை. குட்டிகளைக் காட்டி அப்பா கேட்டார்: "ஏழு வயதுப் பெண் பிள்ளை பெற்றதை நீ எந்த ஊரில் பார்த்தாய்?"

அந்தக் கேள்வியிலேயே ஏழாம் வாய்ப்பாடு அடிபட்டுப் போகிறது. பதில் தேட எனக்குத்தான் பல ஆண்டுகள் பிடித்தன.

அந்த நான்கில் ஒன்றை உறவினர் எடுத்துப்போனார். இரண்டு, சாலையில் போயின. ஒன்று கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்துச் செத்தது. தடுப்பூசி போட்டால் வராத நோய் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. மேற்கு வங்கத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைப் பின்தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, இனப்பெருக்க வயதைத் தொட்டவை 19 விழுக்காடுதான் என்கிறது. சாவுகளில் பெரும்பகுதிக்கு மனிதர்களே காரணம். எங்கள் வீட்டு நிலவரம் நான்குக்கு ஒன்று, அந்த ஆய்வைவிடக் கொஞ்சம் தேவலாம். நம் ஊர் நாய் எவ்வளவு நாள் வாழும் என்று கேட்டால், முதலில் எந்தப் பக்கத்து வீட்டு வாசலில் பிறந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதன் பிறகு செவலைக்குக் கருத்தடை செய்துவிட்டோம்.

சரி, ஏழு இல்லையென்றால் எத்தனை?

மேல்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறது. நடுத்தர அளவு நாயின் முதல் ஆண்டு மனிதனுக்குப் பதினைந்து. இரண்டாம் ஆண்டு இன்னும் ஒன்பது. அதற்குமேல் ஒவ்வொரு ஆண்டும் சுமார் ஐந்து. இது அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறது. ஒரு வயது நாய் பதினைந்து வயதுப் பிள்ளை. குட்டி போடும் உடம்பும் இருக்கும், செருப்பைக் கடித்துக் குதறும் புத்தியும் இருக்கும். "நாய்க்கு வேலை இல்லை, நிற்க நேரம் இல்லை" என்ற பழமொழி அந்த வயது நாயைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும்.

2020இல் அமெரிக்காவில், சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு வழியில் போனார்கள். வெளியே தெரியும் நரையையும் பல்லையும் விட்டுவிட்டு, உயிரணுவுக்குள் இருக்கும் மரபிழையை, அதாவது டி.என்.ஏ.வைப் பார்த்தார்கள். மரபிழையின் எழுத்துகள் வயதானாலும் மாறுவதில்லை. ஆனால் அவற்றின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறி சில இடங்களில் ஏறும், சில இடங்களில் இறங்கும். எங்கள் பக்கத்தில் வைக்கோல் போரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வைக்கோல் அதே வைக்கோல்தான். போன தையில் போட்டது பொன்னிறமாக இருக்கும். ஒரு மழை கண்டது சாம்பல் பூத்திருக்கும். இரண்டு மழை கண்டது கறுத்து, மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். நிறத்தைப் பார்த்தே எத்தனை ஐப்பசி பார்த்த போர் என்று சொல்லிவிடலாம். அதுபோல 104 லாப்ரடார் நாய்களின் இரத்தத்தில் அந்தக் குறிகளைப் படித்து, 320 மனிதர்களுடையதோடு பொருத்திப் பார்த்தார்கள். இரண்டு உயிரினத்திலும் ஒரே மாதிரியான இடங்களில் மாற்றம் நடக்கிறது, வேகம்தான் வேறு.

அதிலிருந்து ஒரு சூத்திரம் வந்தது. நாயின் வயதுக்கு இயற்கை மடக்கை (லாகரிதம்) எடுத்து, பதினாறால் பெருக்கி, முப்பத்தொன்றைக் கூட்ட வேண்டும்.

மடக்கை என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். பரணில் இருந்த தகரப் பெட்டியில் என் பிளஸ் டூ மடக்கை அட்டவணை இன்னும் இருந்தது. ஓரத்தைக் கரையான் தின்றிருந்தாலும் எண்கள் தப்பியிருந்தன. கைப்பேசியில் ஒரு நொடியில் கிடைக்கும் என்று தெரியும். இருந்தாலும் திண்ணையில் உட்கார்ந்து பென்சிலால்தான் போடுவேன். செவலைக்குப் பதின்மூன்று நிறைந்ததும் போட்டது இது. பதின்மூன்றின் மடக்கை 1.1139. அது பத்தடிமான மடக்கை, எனவே 2.303ஆல் பெருக்கினால் 2.565. அதைப் பதினாறால் பெருக்க 41. முப்பத்தொன்றைக் கூட்ட எழுபத்திரண்டு.

அம்மாவுக்கும் அப்போது எழுபத்திரண்டு.

சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் செவலையைப் பார்த்துவிட்டு, "அவளாவது குறுவை போன வருஷத்தில் பிறந்தவள். நான் எத்தனை குறுவை பார்த்துவிட்டேன், எங்களை ஒரே தட்டில் வைக்கிறாயே" என்றாள். ஏழாம் வாய்ப்பாட்டின்படி செவலைக்குத் தொண்ணூற்றொன்று, மருத்துவர்களின் கணக்கில் எழுபத்தொன்பது என்றும் சொன்னேன். "எதுவோ ஒன்று. முட்டி வலிக்கிறதா இல்லையா, அதைச் சொல்" என்றாள்.

நான் விடவில்லை, காகிதத்தில் செவலையின் வாழ்க்கை முழுவதையும் போட்டுப் பார்த்தேன். ஒரு வயதில் முப்பத்தொன்று. இரண்டில் நாற்பத்திரண்டு. நான்கில் ஐம்பத்து மூன்று. அதாவது அவள் முதல் ஆண்டு முடிந்த சில மாதத்திலேயே என்னைத் தாண்டிப் போய்விட்டாள். எனக்கு அப்போது முப்பத்தைந்து. நான் அவளைக் குட்டி என்று நினைத்து மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது! அதன் பிறகு ஓட்டம் தளர்கிறது. ஏழு வயதில் அறுபத்திரண்டு, பத்தில் அறுபத்தெட்டு. முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மாவின் வயதை மெல்ல மெல்ல நெருங்கி, பதின்மூன்றில் வந்து தொட்டிருக்கிறாள்.

எங்கள் பக்கத்தில் வயதுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. திருக்கடையூர். அறுபது நிறைந்தால் மணிவிழா, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். எந்த நாள் போனாலும் மாலையும் கழுத்துமாகக் கிழத் தம்பதிகள், பின்னால் வீடியோ எடுக்கும் பேரன்கள். என் அப்பா அம்மாவுக்கும் 2009இல் அங்கேதான் அறுபதாம் கல்யாணம். நாய்க்கு இந்தச் சடங்குகள் எப்போது வரும் என்று சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அறுபது, ஆறு வயதில். செவலைக்கு அது 2018 நவம்பர், டிசம்பர் வாக்கில்.

2018 நவம்பர் 16, கஜா. வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் விடியுமுன் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டது. பதினொரு தென்னை சாய்ந்தது. ஓடு பறந்த தாழ்வாரத்தில் தண்ணீர் கொட்ட, நடுக்கூடத்தில் நெல் மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் எல்லோரும், எங்கள் நடுவே செவலை. வீட்டுக்குள் அவளை அம்மா அனுமதித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவளுடைய மணிவிழா அப்படி நடந்தது. எழுபது வந்தது 2024 கோடையில், மேட்டூர் ஜூலை 28 வரை திறக்காமல் வாய்க்காலில் ஆடு மேய்ந்த ஆண்டு. எண்பதுக்கு இருபத்தொரு வயது தாண்டியிருக்க வேண்டும். சதாபிஷேகம் காணும் நாய் அபூர்வம்.

மிக நீண்ட நாள் வாழ்ந்ததாகப் பதிவான நாய் ஆஸ்திரேலியாவின் புளூயி. மாட்டு மந்தை ஓட்டிக்கொண்டிருந்த நாய். 1939இல் இறந்தபோது இருபத்தொன்பது ஆண்டு ஐந்து மாதம். சூத்திரப்படி எண்பத்தைந்து, ஏழால் பெருக்கினால் இருநூற்றைந்து தாண்டும். எது நம்பும்படி இருக்கிறது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. போர்ச்சுகலில் பாபி என்ற நாய்க்கு முப்பது வயது தாண்டிவிட்டதாகச் சொல்லி 2023இல் கின்னஸ் பட்டம் கொடுத்தார்கள். வயதுக்குப் போதிய ஆதாரம் இல்லையென்று 2024 பிப்ரவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வாயைத் திறந்து பார்க்க அங்கே என் அப்பா மாதிரி ஒருவர் இல்லை போலிருக்கிறது.

சூத்திரத்துக்கும் ஓட்டை உண்டு. ஏழரை வாரத்துக்குக் கீழே வயதைப் போட்டால் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்தக் கணக்கில் குட்டி இன்னும் பிறக்கவே இல்லை. (ஏழரை என்றாலே நம் ஊரில் ஏதாவது வில்லங்கம் இருக்கத்தான் செய்யும்.) மறுமுனையில் இன்னொரு வேடிக்கை. பதினாறு வயதை எட்டிய நாய், சூத்திரப்படி, அன்றிலிருந்து நம்மைப்போலவே ஆண்டுக்கு ஒரு வயதுதான் மூப்படையும். அதற்கு மேல் நம்மைவிட மெதுவாக! என்றும் பதினாறாக இருக்கும்படி மார்க்கண்டேயன் வரம் வாங்கிய திருக்கடையூர்க் கதையை அம்மாவுக்கு நினைவூட்டினேன். "பதினாறைத் தொட்ட நாயைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா நீ? பின்னங்கால் விழுந்து இழுத்துக்கொண்டு போகும்" என்றாள். உண்மைதான். எண் மெதுவாகிறது, முட்டி மெதுவாவதில்லை. அது ஒரே ஒரு ஜாதி நாயின் இரத்தத்தை வைத்துப் போட்ட கோடு, அவ்வளவுதான். நான் அதை நம்புவது அதன் முதல் பாதிக்காக.

ஜாதி என்றதும் சொல்ல வேண்டியது, நாய்களுக்குள் உருவம் பெருத்தால் ஆயுள் குறைகிறது. உயிரினங்களை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் நேர் எதிர். எலி இரண்டு மூன்று ஆண்டு, மன்னார்குடிக் கோயில் வாசலில் நிற்கிற யானை போன்றவை ஐம்பது அறுபது. நாய்க்குள் மட்டும் இது தலைகீழ். கிரேட் டேன் ஏழிலிருந்து பத்து வயதுக்குள் போய்விடும், வீட்டில் வைத்துக் குலைக்கவிடும் சின்ன நாய்கள் பதினைந்தைத் தாண்டுவதும் உண்டு. எழுபத்து நான்கு ஜாதிகளை ஒப்பிட்டு 2013இல் வந்த ஆய்வின்படி, எடை இரண்டு கிலோ கூடினால் ஆயுளில் ஏறத்தாழ ஒரு மாதம் குறைகிறது. பெரிய நாய்கள் மூப்புக்குள் சீக்கிரம் நுழைவதில்லை. நுழைந்த பிறகு வேகமாக ஓடிவிடுகின்றன. குட்டியாக இருக்கும்போது அசுர வேகத்தில் வளர்ந்ததற்குப் பிற்காலத்தில் வட்டி கட்டுகின்றன என்று நான் புரிந்துகொள்கிறேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டில் கிரேட் டேன் வளர்த்தார்கள், கன்றுக்குட்டி உயரம். எட்டாவது வயதில் போய்விட்டது. செவலை பதினாறு கிலோ. நம் நாட்டு நாயின் அளவும் அதுதான், அதிகமும் இல்லை குறைவும் இல்லை.

இந்தக் கணக்குகளில் எனக்கு இருந்த மயக்கம் தெளிந்த கதையையும் சொல்ல வேண்டும்.

2024 கோடையில் செவலை வாய்க்காலைத் தாண்டுவதை நிறுத்தினாள். இரண்டரை அடி அகலம். ஒரே தாவில் அந்தப் பக்கம் போய் எனக்காக நிற்பவள், மதகைச் சுற்றி வர ஆரம்பித்தாள். வண்டிச் சத்தம் கேட்டால் தெருமுனைக்கு ஓடி வருபவள், நான் வந்து எதிரில் நின்ற பிறகு தலையைத் தூக்கினாள். டவுனில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். வயதைக் கேட்டார். பன்னிரண்டு நெருங்குகிறது என்றேன். தொட்டுக்கூடப் பார்க்காமல், "வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. எழுபது வயது ஆள் வாய்க்காலைத் தாண்டுவாரா? கணக்கு என் கையிலேயே இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஐப்பசி அடைமழை. ஈரத்துக்கு அம்மாவுக்கு முட்டி குத்தும், செவலை எழுந்திருக்கும்போதே முனகினாள். அம்மா அவள் பங்குக்குக் கணக்குப் போட்டிருக்கிறாள். எனக்கும் முட்டி, இவளுக்கும் முட்டி. எனக்கும் எழுபது, இவளுக்கும் எழுபது என்று என் மகன்தானே சொன்னான்? தனக்கு எழுதிக் கொடுத்திருந்த வலி மாத்திரையைப் பாதியாக உடைத்து, தயிர்ச் சோற்றில் பிசைந்து வைத்திருக்கிறாள். மூன்று நாள், காலையும் இரவும். நான்காம் நாள் செவலை சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தாள். வாந்தி எடுத்தாள். கொல்லையில் அவள் போன இடத்தைப் பார்த்தால், தார் மாதிரிக் கறுப்பு. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் அப்படித்தான் போகும் என்பது அன்றைக்குத் தெரிந்துகொண்டது.

ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2012இல் தொடங்கியது, செவலையும் அதுவும் ஒரே ஆண்டு. மழையில் வேன் பிடித்து அங்கே கொண்டுபோனோம். அம்மாவும் வந்தாள், வராதே என்றும் கேட்கவில்லை. நரம்பில் மருந்து ஏற்றினார்கள், இரத்தம் எடுத்துச் சிறுநீரகம் எப்படி என்று பார்த்தார்கள். பணியில் இருந்த இளம் மருத்துவர் அம்மாவைக் கடிந்துகொள்ளவில்லை. மனிதர்களுக்கான வலி மாத்திரைகள் வலியோடு சேர்த்து, இரைப்பையின் உட்சுவரைக் காக்கிற பொருளையும் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையும் குறைத்துவிடும், நாயின் உடம்பு அவற்றை நம்மைப்போல் கழித்து வெளியேற்றாது, நமக்குத் தாங்குகிற அளவே அதற்கு விஷமாகலாம் என்று பொறுமையாகச் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவர் செவலையின் பின்னங்காலை மடக்கி நீட்டி, இடுப்பை அழுத்தி, வாயைத் திறந்து கடைவாயைப் பார்த்தார். கடைவாய்ப் பல் இரண்டைச் சுற்றிக் காரை கட்டி, ஈறு சீழ் பிடித்திருந்தது. எத்தனை மாதமாகவோ. என்னிடம் திரும்பி, "இதை ஏன் முன்பே கொண்டுவரவில்லை? இது வயது இல்லை, வலி" என்றார். நான் எழுபது வயதுக் கணக்கை அவரிடம் சொல்லவில்லை.

ஐந்து நாளில் வயிறு தேறியது. பிறகு சிறுநீரகம் தாங்கும் என்று உறுதி செய்துகொண்டு மயக்கம் கொடுத்து அந்த இரண்டு பல்லையும் எடுத்தார்கள். மூட்டுக்கு நாய்க்கென்று எடை பார்த்து அளந்த மருந்து. அப்போது பதினெட்டரை கிலோ இருந்தாள். இரண்டரை கிலோ குறைக்கச் சொன்னார்கள். அது அம்மாவுக்குத்தான் தண்டனை. வட்டிலில் ஒரு பிடி சோறு கூடுதலாக வைக்காமல் அவளுக்குக் கை வராது. நாற்பத்தெட்டு லாப்ரடார்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கால் பங்கு உணவைக் குறைத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. அதை அம்மாவுக்குச் சொன்னேன். "வயிற்றைக் காயப்போட்டு இரண்டு வருஷமா" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் கேட்டாள். இப்போது அளப்பதற்கு ஒரு டம்ளர் வைத்திருக்கிறாள், தலை தட்டித்தான் போடுகிறாள்.

கண் விஷயத்தில் மட்டும் அவளை மாற்ற முடியவில்லை. செவலையின் கண்மணியில் நீலப் புகை படிந்திருக்கிறது. தனக்கு அறுவை செய்த அதே புரைதான் என்கிறாள், கண் முகாமுக்கு அழைத்துப் போகாததுதான் பாக்கி. மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்து, இது புரை இல்லை, வயதாகும்போது விழி லென்சின் நடுப்பகுதி இறுகுவதால் தெரிகிற மங்கல், ஒளி உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது, பார்வை பெரிதாகப் போகாது என்றார். புரை என்றால் வெள்ளையாக அடைத்திருக்குமாம். அம்மா தலையாட்டினாள். வேனில் ஏறியதும், "சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்" என்றாள்.

இரவில் இப்போது இன்னொன்று. இரண்டு மணி, மூன்று மணிக்கு செவலை எழுந்து கூடத்து மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பகலில் தூக்கம், இரவில் அலைச்சல். வயதான நாய்களின் மூளையில் ஏற்படும் தளர்ச்சி, மனிதர்களின் மறதி நோயோடு ஒப்பிடத்தக்கது என்கிறார்கள். கூப்பிட்டால் காது கேட்காது, தொட்டால் திடுக்கிடுவாள். அம்மாவுக்கும் அந்த நேரத்தில் தூக்கம் இருக்காது. விளக்கைப் போட்டு, தரையில் காலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். அதிர்வு தெரிந்து அவள் திரும்புவாள். பிறகு இருவரும் கொல்லைப்புறம் போய்விட்டு வருவார்கள். நான் போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன மாசியில் கொத்தனாரைக் கூப்பிட்டுத் திண்ணைப் படிகளுக்கு நடுவே அரைப்படிகள் வைக்கச் சொன்னேன். மூன்று கருங்கல்லுக்கு முன்னால் செங்கல்லால் மூன்று தாழ்வான படி, வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாகப் பூச்சு. யாருக்கு என்று கேட்டார். நாய்க்கு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். ஈரம் காய்வதற்குள் செவலை வந்து முகர்ந்து பார்த்து, முதல் அரைப்படியில் ஒரு காலைப் பதித்துவிட்டுப் போனாள். தடம் அப்படியே இருக்கிறது. அதோடு சரி. மறுநாளிலிருந்து ஓரமாக ஒதுங்கி, பழைய கருங்கல்லில் முன்னங்கால் இரண்டையும் வைத்து, நின்று, இடுப்பை வெட்டி இழுத்துத்தான் ஏறுகிறாள். அரைப்படியில் அம்மா ஏறுகிறாள். தூணைப் பிடிப்பதில்லை. மேலே போய் நின்று, "மெதுவாக வா" என்கிறாள்.